ஆமென் மட்டும்

"தாடை கிட்ட விட்டுட்ட பாரு" என்றான் தம்பி.

அக்கா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நுரை காய்ந்த இடத்தை ஈரத்துணியால் நனைத்து, மறுபடி பிளேடை வைத்தாள். பதினோரு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்கு இன்று கண் விழித்ததும் ஷேவ் செய்துகொள்ளத் தோன்றியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்காக நிற்கவேண்டியிருந்தது.

"யாரைப் பார்க்கப் போற, இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தான்.

பக்கத்துக் கட்டில் லாரிக்காரர் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை முற்றி அழுகிப்போன அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள். பத்தரைக்கு ஆபரேஷன். மனைவி வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

தம்பி பெயிண்டர். முப்பது வருஷம் சாரத்தில் நின்று சுவர் சுரண்டிய தூசியும் தின்னர் வாடையும் நெஞ்சைத் தின்றுவிட்டிருந்தன. அந்த வருஷங்களில் பாதி குடியில் போனது. போதையில் இரண்டாவது மாடியிலிருந்து மணல் குவியல்மேல் விழுந்து, எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டவன் என்று கூட வேலை செய்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அக்கா அவனுக்காகப் பண்ணிய ஜெபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிறகு குடிக்கவில்லை.

அடுத்த வருஷம் அக்காவின் கணவர் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தார். அவருக்காகச் சபையில் அவள் முழங்காலில் நின்றிருந்த நேரத்தில்தான் இறந்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. போவதை மட்டும் நிறுத்தவில்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கப் போவதுபோல நேரத்துக்குப் போய் வந்தாள். நாலு வருஷமாக யாருக்கும் தெரியாது. இந்தப் பதினோரு நாளும் அவள் பயந்தது, தம்பி ஜெபம் பண்ணச் சொல்லிவிடுவானோ என்றுதான்.

சொல்லிவிட்டான். முகத்தைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழியும்போது, "அக்கா, ஜெபம் பண்ணு" என்றான்.

துணியில் தண்ணீர் இல்லை. ஆனாலும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கு வர்றதில்லடா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாட்டு பாடும்போது உன் வாய் மட்டும்தான் அசையுது. நாலு வருஷமா பக்கத்துல நிக்கிறேன், தெரியாதா?"

"ஏன்டா கேக்கல?"

"நான் குடிச்சிட்டு வந்தப்ப நீ கேட்டியா? சோறு போட்ட." மூச்சு வாங்கிக்கொண்டான். "உனக்கும் சேத்து நான் பண்ணிக்கிட்டிருந்தேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிடிபட்டால் வெட்கம் பிடுங்கித் தின்னும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

"பயமா இருக்கா?"

"போன வாரம் இருந்துச்சு. சுவத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டேன்ல, அப்ப. அப்புறம், அங்க இருக்கிறது நமக்குத் தெரிஞ்சவர்தானேன்னு தோணுச்சு. தெரிஞ்சவர் வீட்டுக்குப் போறதுக்கு என்ன?" கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "மாமாவும் இருப்பார். நீ கேட்டதா சொல்றேன்."

அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"சரி, நான் சொல்றேன். நீ ஆமென் மட்டும் சொல்லு."

அவன் ஜெபம் நாலு வரிதான். அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பக்கத்துக் கட்டில் அண்ணனுக்குத் துணையாக இருக்கச் சொன்னான். தன்னைப் பற்றி, "நான் வந்துர்றேன்" என்றதோடு சரி. அக்கா ஆமென் என்றாள்.

ஒன்பதே காலுக்கு மூச்சு நீண்டு, விட்டுவிட்டு வந்து, நின்றது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள், திரையை இழுத்தார்கள். பதினோரு நாளாகக் காதில் அறுத்துக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம் இல்லை. "அப்பாடா" என்று அக்கா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நர்ஸ் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரும்மா" என்றாள்.

உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோன பிறகு, அதை வாங்கிப்போகப் பேப்பர் கிடைக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். தட்டையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க தம்பி நெஜமாவே பயப்படலையா? இல்ல, உங்களுக்காகச் சொன்னாரா?"

"ரெண்டு நாள் பயந்தான். அப்புறம் இல்ல. அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியும், குடிச்ச காலத்துல எத்தனை கேட்டிருக்கேன்."

"மலைப் பாதையில பிரேக் பிடிக்காம எறங்கியிருக்கேம்மா. அப்பக்கூட கை நடுங்கல, இப்ப பாருங்க." கையைக் காட்டினார். "அவர் சொன்னாரே, அது மாதிரி எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல."

"எனக்கும் விட்டுப்போச்சு" என்றாள் அக்கா. ஆனால் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இவர் பயந்துபோயிருக்கார். நானுந்தான் பயந்தேன். என் தம்பி கூட இருந்த மாதிரி இவர் கூடயும் இருங்க."

அதற்கு மேல் வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் லாரிக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுது. ஆமென் சொல்லுங்க."

சொன்னார். ஸ்ட்ரெச்சர் வரும்வரை கையை விடவில்லை.

அவர் மனைவி வந்து சேர்ந்தபோது பதினொன்று. ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் அக்கா இருந்தாள். பையை மடியில் எடுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"உள்ள போகும்போது எப்படி இருந்தார்?"

"நர்ஸ் கிட்ட, ஒத்தக் கால்லயே கிளட்சும் பிரேக்கும் மிதிக்கப் பழகணும்னு சொல்லிட்டுப் போனார்."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"தம்பிக்கு. காலையில போயிட்டான்."

அவள் பதறி, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். பன்னிரண்டு மணிவாக்கில் கதவு திறந்து, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொன்னார்கள். அக்கா சுவரில் தலையைச் சாய்த்தாள்.

யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, பேப்பர் ரெடி, கையெழுத்துப் போட வரணும் என்றார்.

"இப்பதாங்க கண்ணசந்தாங்க" என்றாள் லாரிக்காரர் மனைவி, தணிந்த குரலில். "கொஞ்சம் கழிச்சு வாங்களேன்."

அக்காவுக்குக் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை.