ஞானத்தகப்பன் மோதிரம்

என் மகள் டூனியா வக்கீலுக்குப் படித்து முடித்தாள். எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னால் சான் பெட்ரோ சூலா நகரத்தில் எந்த டாக்சிக்காரனும் வண்டியை எடுக்க மாட்டான். அங்கேயிருந்து ஒரு வக்கீல். சனிக்கிழமை பட்டமளிப்பு, வியாழக்கிழமை சபையில் நன்றி ஆராதனை. சபைப் பெண்கள் வாரம் முழுக்க என் சமையலறையிலேயே கிடந்தார்கள். சோள மாவு பிசைவதும், பன்றிக்கறி வைத்து வாழையிலையில் பொட்டலம் கட்டுவதும், நடுநடுவே யார் வீட்டு மருமகள் சரியில்லை என்று பேசுவதுமாக அடுப்படி கலகலத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை நொட்டாங்கை வந்தான்.

அவன் நிஜப் பெயர் ஹாரோல்ட். எல்லாவற்றையும் இடது கையால் செய்வதால் ஊரே நொட்டாங்கை என்றது. எங்கள் தெருக்கள் அவன் கும்பலுக்குச் சொந்தம். யார் உள்ளே வரலாம், யார் உயிரோடு இருக்கலாம் என்பது அவன் சொல்வதுதான். சின்ன வயதில் என் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வசனம் ஒப்பித்தவன் இவன். இப்போது கழுத்து வரை பச்சை குத்தியிருந்தான். பின்னால் கும்பலில் அவனுக்கு அடுத்தவனான எலும்பன் சிரித்தபடி நின்றான்.

நொட்டாங்கை ஒரு சிவப்பு டப்பியை மாவுப் பலகையின் மேல் வைத்துத் திறந்தான். உள்ளே கல் பதித்த தங்க மோதிரம்.

"டூனியாவுக்கு ஞானத்தகப்பன் நான்தான், சிஸ்டர்," என்றான்.

எங்களில் பட்டம் வாங்குகிறவளுக்கு ஒரு ஞானத்தகப்பன் உண்டு. அவன்தான் கைபிடித்துக் கூட்டிப்போவான், மோதிரம் போடுவான். அன்றோடு முடிகிற உறவில்லை அது. சாகும்வரை அவன் வார்த்தையை அவள் தட்டக் கூடாது. சபை பஸ் ஓட்டும் பிரதர் எலிசேயோ ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்.

"நம்ம பசங்க நெறைய பேரு ஜெயில்ல கிடக்கானுங்க. நமக்குன்னு ஒரு வக்கீல் வேணும்ல," என்றான்.

 என் மகன் ஒல்வின் டயர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், திரும்பி வந்தான். "ஆள் ஏற்கெனவே சொல்லியாச்சு. மோதிரத்த எடுத்துட்டுப் போ," என்றான்.

நொட்டாங்கை கோபப்படவே இல்லை. இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி, திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஒல்வின் தாடையில் ஓங்கி அடித்தான். கட்டை முறிகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்தவனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அதே இடத்தில் மறுபடி அடித்தான். குறுக்கே பாய்ந்த என்னை எலும்பன் ஒற்றைக் கையால் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். ஒல்வினின் பல் ஒன்று தெறித்து மாவில் விழுந்தது.

"வியாழக்கிழமை சபையில மோதிரம் போடுறேன். எல்லாரும் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, என் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அந்த மாவை நாய்க்குக் கூடப் போட மனம் வரவில்லை. குழி வெட்டிக் கொட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒல்வினின் வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். மறுநாள் பாஸ்டரும் எலிசேயோவும் வந்து உட்கார்ந்தார்கள்.

"நான் வெலக மாட்டேன். கோட்டு தெச்சாச்சு. மேடையில போடலைன்னா சவப்பொட்டியில போட்டுக்கறேன்," என்றார் எலிசேயோ. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நான் பட்டமே வாங்கலம்மா. துணி ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறேன்," என்றாள் டூனியா.

"வாங்கலைன்னா விட்ருவானா? படிச்சது உன் தலைக்குள்ளதானடி இருக்கு."

எனக்கு ஜெபம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கும்பல்காரர்களின் சட்டம் நினைவுக்கு வந்தது. கும்பலில் சேர்ந்தவன் உயிரோடு வெளியேற ஒரே வழி சபைதான். பலிபீடத்தின் முன் எல்லாரும் பார்க்க மண்டியிட்டவனை அவர்கள் விட்டுவிடுவார்கள். ஆனால் அதற்கப்புறம் அவன் ஒரு வாய் பீர் குடித்தாலும், ஒரு சிகரெட் பற்றவைத்தாலும், கடவுளை ஏமாற்றியவன் என்று வெட்டிப் போடுவார்கள். இதில் தலைவன், தொண்டன் என்ற பேச்சே கிடையாது.

"மோதிரம் போடணும்னா அவன் பலிபீடத்துக்கு முன்னால வந்துதானே ஆகணும்," என்றேன்.

பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "சிஸ்டர், அது கர்த்தரோட காரியம். அதுல வெளையாடக் கூடாது."

"எம் புள்ள தாடையில அவன் வெளையாடினானே, அது யாரோட காரியம் பாஸ்டர்?"



வியாழக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. நொட்டாங்கை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். எலும்பனும் மற்ற பையன்களும் வாசல் கதவை அடைத்து நின்றார்கள். டூனியா கறுப்பு அங்கியில் பலிபீடத்தின் முன் நின்றாள். அவன் டப்பியோடு முன்னால் வந்தான்.

"மகளுக்காக ஜெபம் பண்ணுவோம்," என்று நான்தான் குரல் கொடுத்தேன். சொல்லி வைத்தபடி சபைப் பெண்கள் எழுந்து வந்து அவனைச் சூழ்ந்தார்கள். தலையில், முதுகில், தோளில் என்று கைகள் விழுந்தன. பாட்டும் அழுகையும் ஸ்தோத்திரமும் கூரையைத் தூக்கின. என் இரண்டு கைகளும் அவன் தோளில் இருந்தன. மாவு பிசைந்து உரமேறிய கைகள். உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினேன். அவன் முழங்கால் தரையில் பட்டது.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. திமிறி எழுவான் என்று நினைத்தேன். அவன் எழவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே அவன் தோள் குலுங்கியது. அழுதானா, பயந்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாட்டு நின்றது. வாசலிலிருந்து எலும்பன் நிதானமாக நடந்து வந்தான்.

"ஸ்தோத்திரம், பிரதர்," என்று கையை நீட்டினான். "சபைக்காரனுக்கு எதுக்கு துப்பாக்கி?"

நொட்டாங்கை சுற்றிலும் பார்த்தான். சும்மா செய்தேன் என்று சொன்னால் அங்கேயே பிணம். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தான். மோதிர டப்பியையும் எலும்பன் எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை டூனியா எலிசேயோவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனாள். கோட்டு அவருக்கு அக்குளில் பிடித்தது. அவர் ஒரு சின்ன வெள்ளி மோதிரம் போட்டுவிட்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

மத்தியானம் எங்கள் முற்றத்தில் விருந்து. நொட்டாங்கையும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். சபையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. ஒல்வின் எதிரே உட்கார்ந்து குழல் வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டு அவனையே பார்த்தான்.

எலும்பன் பையன்களோடு உள்ளே வந்தான். ஒரு கையில் பீர் பாட்டில், இன்னொரு கையில் வெட்டுக்கத்தி. பாட்டிலைத் திறந்து நொட்டாங்கையின் முன் வைத்தான்.

"வக்கீலம்மா பேரச் சொல்லி ஒரு வாய் குடி."

"நான் இப்ப விசுவாசி. குடிக்க மாட்டேன்."

"அன்னைக்கு உன் தோள்ல ஒரு கை அமுத்துனத நான் பாத்தேனே." எலும்பன் என் பக்கம் திரும்பினான். சிவப்பு டப்பியை மேசையில் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தான். "சிஸ்டர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இவன் தானா மண்டி போட்டானா, நீங்க அமுத்துனீங்களா? தானா போட்டிருந்தா சபைக்காரன். அவன் கேட்டது, பேசுனது எல்லாம் அவனோட போச்சு, மோதிரமும் போச்சு. நடிச்சிருந்தா இப்பவே வெட்டிடுவேன். அவனோடது எல்லாம் எனக்கு. வக்கீலம்மாவும்தான்."

நொட்டாங்கை என்னைப் பார்த்தான். ஞாயிறு பள்ளியில் வசனம் மறந்துபோனால் பார்ப்பானே, அதே பார்வை. "சிஸ்டர், நான் நெசமாத்தான் மண்டி போட்டேன். சொல்லுங்க," என்றான்.

கஞ்சிக் குழலைக் கீழே வைத்துவிட்டு ஒல்வின் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அப்படிச் சொல்லாதே என்கிறான்.  நொட்டாங்கை சாகவேண்டும் என்று எனக்கும் ஆசைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் டூனியா அங்கியைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"தானாத்தான் போட்டான். என் கை சும்மா மேல இருந்துச்சு," என்றேன்.

எலும்பன் தலையாட்டினான். "சரி. ஆனா நம்ம கும்பல் சைகை காட்டுன கை எங்களோடது. அத விட்டுட்டுப் போகட்டும்."

பையன்கள் நொட்டாங்கையின் இடது கையை மேசையில் வைத்துப் பிடித்தார்கள். எலும்பன் ஒரே வெட்டாக வெட்டினான். நாலு விரல்கள் கேக்குப் பக்கமாக உருண்டன. வெள்ளைக் கிரீமில் டூனியாவின் பெயர் எழுதியிருந்த இடமெல்லாம் ரத்தம். சபைப் பெண்கள் அலறினார்கள். எலிசேயோ தன் புதுக் கோட்டைக் கழற்றி அந்தக் கையில் சுற்றினார்.

எலும்பன் மோதிர டப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். "வக்கீலம்மா எங்க வேணாலும் போகட்டும். நாங்க தொட மாட்டோம்," என்றான். கத்தியை என் மேசைத் துணியில் துடைத்தான். "ஆனா இவனுக்கு வாக்கு கொடுத்தது நீங்க. இனி நீங்கதான் இவனுக்கு ஞானத்தாய். இவன் வாயில பீர் வாடை அடிச்சா, மொதல்ல உங்ககிட்டதான் வருவோம். அப்புறம் ஒல்வின்கிட்ட."

டூனியாவை அன்றைக்கே எலிசேயோவின் பஸ்ஸில் தலைநகருக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அங்கே ஒரு நல்ல ஆபீஸில் வேலை பார்க்கிறாள். என்னையும் வரச் சொல்கிறாள். எப்படிப் போவது?

சாயந்திரமானால் நொட்டாங்கை வருவான். ஒல்வின் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வந்தவன் மேசை முன் உட்கார்ந்து, பழகாத வலது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவான். நான் குனிந்து மோந்து பார்ப்பேன். அதற்கப்புறம்தான் தட்டை வைப்பேன்.