அறுபதாவது உருண்டை

சியூ-வென் வாசல் நிலையின் மங்கலச் சிவப்புத் தாள்களை மறைத்து வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஈமச் சாமான் கடைக்காரர் குவோ, தூரிகையை மையில் தோய்த்தபடி கேட்டார்.

"வயசு என்ன போடட்டும்? அம்பத்தொம்பதா, அறுபதா?"

அறுபதைத் தொட்டவர் என்றால் இறப்பு அறிவிப்பில் 'நிறைவாழ்வு' என்று எழுதுவார்கள். ஒன்று குறைந்தாலும் வெறும் 'வாழ்ந்த காலம்'தான்.

"அறுபது," என்றாள் அம்மா. கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தாள்.

"புது வருஷம் பொறந்தாத்தானே வயசு கூடும்? அதுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கே, அக்கா."

"இருக்கட்டும். இன்னைக்கு உருண்டை நாள். உருண்டை சாப்பிட்டா ஒரு வயசு கூடுமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க."

"கூடும். சாப்பிட்டிருந்தா."

"சாப்பிட்டார். இவதான் ஊட்டினா."

குவோ திரும்பிப் பார்த்தார். சியூ-வென் தாளில் பசை தடவினாள். ஏற்கெனவே தடவிய இடம்தான் அது.

அன்று காலை ஆறே முக்காலுக்கு அம்மா வழக்கப்படி வாசல் நிலையில் ஒரு சிவப்பு உருண்டையை அப்பிவிட்டு, உருண்டைக் கிண்ணத்தை இவள் கையில் கொடுத்தாள். பசையரிசி மாவை நேற்று இருவரும் சேர்ந்து உருட்டியிருந்தார்கள். இஞ்சியும் வெல்லமும் மணத்தன.

"கோயிலுக்குப் போயிட்டு வந்துடுறேன். ஒண்ணாவது முழுங்க வைடி. அறுபதைத் தொட்டுட்டா எமன் திரும்பிப் போயிடுவான்."

"டாக்டர் கஞ்சித் தண்ணி மட்டும்னு..."

"டாக்டருக்கு என்ன தெரியும்?"

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் மறைந்தது. அப்பா கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு தா."

"வேணாம்ப்பா. தொண்டையில அடைச்சுக்கும்."

"யாரு உருட்டினது?"

"நான்தான்."

"அப்ப எலிப்புழுக்கை அளவுதானே இருக்கும். அது எங்க அடைக்கப் போகுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு வாயைத் திறந்தார். அவள் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். பஞ்சை எடுத்த பின்னும் வாய் சிறிது நேரம் திறந்தே இருந்தது. அப்புறம் அவரே மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஏழு இருபதுக்கு ஸ்கூட்டர் சத்தம் திரும்பக் கேட்டது. அவள் உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எலிப்புழுக்கை அளவெல்லாம் இல்லை. பாதித் தொண்டையில் நின்று, கண்ணில் தண்ணீர் வரவைத்து, மெல்ல இறங்கியது.

"சாப்பிட்டாரா?"

தலையாட்டினாள்.

ஒன்பது பத்துக்கு அவர் போய்விட்டார். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை.

"முழுங்கக் கஷ்டப்பட்டாரா?" அம்மா இப்போது கேட்டாள்.

"கொஞ்சம்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

"ஆசையா சாப்பிட்டிருக்கார். எழுதுங்க தம்பி."

குவோ ஒரு கணம் சியூ-வென்னையே பார்த்தார். அவள் அடுத்த தாளை எடுத்தாள். அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

கடைசித் தாள் நிலையின் இடப்பக்கத்துக்கு. காலையில் அம்மா அப்பிய உருண்டை அங்கே இருந்தது. காய்ந்து மேலே வெடித்திருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தாள், வரவில்லை. அதன் மேலேயே தாளை வைத்து, மேலிருந்து கீழாக உள்ளங்கையால் நீவிவிட்டாள். நடுவில் ஒரு புடைப்பு நின்றது. மறுபடி நீவினாள். பசையின் ஈரத்தில் அந்த இடம் மட்டும் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.