புகார் தருபவர்

“அந்த வரிய மறுபடி படி,” என்றாள் அக்கா.

தம்பி மடிக்கணினியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு படித்தான். “குடியிருப்பு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மாற்றப்பட்ட பின் இருபத்தாறு பேருக்குக் காய்ச்சல். ஏழு பேர் இறந்தனர். குடிநீர்த் தொட்டி கழிவு வாய்க்காலுக்குப் பக்கத்தில் உள்ளது.”

“பக்கத்துலன்னா? பதினோரு அடி. நானே அளந்தேன். அடியைப் போடு.”

வீட்டில் அவளுக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர் வைத்தவனே அவன்தான். சர்க்கரை டப்பாவில்கூட என்றைக்குத் திறந்தது, யார் திறந்தது என்று சீட்டு ஒட்டுகிறவள். இன்றைக்கு அவனுக்குக் கிண்டல் வரவில்லை. அவள் கண்களின் வெள்ளை நேற்றிலிருந்து மஞ்சளாகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பை காலையிலிருந்து காலியாகவே இருந்தது. பன்னிரண்டு வருடமாக மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாள் அவளுக்கு மாத்திரை கொடுத்தவனும் அவன்தான். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை. பயண அலுப்பு என்று நினைத்தான். அந்தப் பள்ளத்தில் அவள் எந்தத் தண்ணீரில் நடந்துவிட்டு வந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வருடமாக அவள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பதிவேடு. நாட்டின் காடுகளைக் காக்கும் பெரிய திட்டத்துக்கு ஒரு பாதுகாப்புத் தகவல் அமைப்பு வேண்டும் என்று வனத்துறை முடிவு செய்தபோது, அந்த வேலை அவள் மேசைக்கு வந்தது. என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு ஒருமுறை சொன்னாள்: “காடு நல்லா இருக்கான்னு வானத்துலேருந்து படம் எடுத்துடறாங்கம்மா. காட்டுக்குள்ள இருக்கிற ஜனங்க நல்லா இருக்காங்களான்னு எந்தப் படத்துலயும் தெரியாது. அவங்களக் கேட்டாங்களா, அவங்க சரின்னு சொன்னாங்களா, அவங்களுக்கு என்ன ஆச்சு, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கணும். யாரு வேணாலும் திறந்து பாக்கலாம்.”

இன்று மாலை ஐந்து மணிக்கு முதல் தொகுப்பு மூடப்படுகிறது. அதற்குள் வந்த பதிவுகள்தான் நாட்டின் அறிக்கையில் சேரும். விட்டுப்போனால் அடுத்த தொகுப்புக்கு இரண்டு வருடம். அந்த அறிக்கையை வைத்துத்தான் இன்னும் ஒன்பது குடியிருப்புகளைக் காட்டிலிருந்து இறக்கப்போகிறார்கள்.

பதினொரு மணிக்கு அவள் துறை இயக்குநர் வந்தார். பையில் பழங்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார். அவளுக்கு நல்ல ஜீப் கிடைக்க மேலிடத்தில் சண்டை போட்டவர் அவர். அக்கா அவரைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

“இந்த நேரத்துலயும் வேலையா? உடம்பு சரியாகட்டும்மா. இப்போதைக்கு ‘சரிபார்ப்பில்’னு போட்டு வச்சிடுங்க.”

“அப்படிப் போட்டா தொகுப்புல வராது சார். அந்த விதிய எழுதினதே நான்தானே.”

அவர் சிரித்தார். “எலிக்காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் வேணுமில்ல? உங்க ரத்தப் பரிசோதனை முடிவே இன்னும் வரலையே.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். நாலு நாளாக வராத அந்த முடிவைப் பற்றி அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

“உங்களுக்கு யார் சார் சொன்னது?”

“கேட்டேன்ப்பா. நம்ம ஆளுன்னு ஒரு அக்கறைதான்.” அவர் எழுந்தார். போகும்போது மடிக்கணினியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு மேலும் கீழுமாக வந்தது. ஒன்றரை மணிக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவுக்குக் கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். கட்டிலை நகர்த்தும்போது கண்ணைத் திறந்தாள்.

“சார்ஜ் எவ்ளோ இருக்கு?”

“நாப்பது.”

“போதும். நான் வந்து ஒரு தடவை பாத்துட்டு அனுப்பறேன். அம்மா மாத்திரை போட்டாங்களான்னு போன் பண்ணிக் கேளு.”

மூன்று பத்துக்கு இளம் மருத்துவர் வெளியே வந்தார். அவர் முகக்கவசத்தைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. என்ன சொன்னார் என்பது தம்பியின் காதில் பாதிதான் விழுந்தது. சான்றிதழில் என்ன காரணம் எழுதுவீர்கள் என்று கேட்டான்.

“இதயம் நின்னுபோச்சுன்னு எழுதுவோம்.”

“அது எல்லாருக்கும் நிக்கறதுதானே டாக்டர். ஏன் நின்னுச்சு?”

மருத்துவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முடிவு வராம என்னால எழுத முடியாதுங்க. ரத்த மாதிரியே கிடைக்கலன்னு லேப்ல சொல்றாங்க.”

நடைபாதையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போனை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தபோது அது தானே அடித்தது. இயக்குநர்.

“கேள்விப்பட்டேன். மனசு ஆறல. உங்களுக்குத் துணைக்கு ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன். அந்த லேப்டாப் ஆபீஸ் சொத்து. அவங்ககிட்ட குடுத்துடுங்க.”

இறந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மடிக்கணினியைத் திறந்தான். அவள் பாதியில் விட்ட பதிவு அப்படியே இருந்தது. கீழே ‘சமர்ப்பி’ என்ற பொத்தான். விரல் அதன்மேல் போய் நின்றது. பதிவு செய்பவர் என்ற இடத்தில் அவள் பெயர். நேரம் என்ற இடத்தில் மூன்று இருபத்தொன்பது. பத்தொன்பது நிமிடத்துக்கு முன் செத்துப்போனவள் எப்படிப் பதிவு செய்தாள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மொத்தமும் குப்பைக்குப் போய்விடும். மற்றவர்கள் எழுதியதில் அவளே இப்படி எத்தனையைத் தள்ளியிருக்கிறாள்!

அவளுடைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே பதிவேட்டில் பொதுமக்கள் புகார் தரும் பக்கத்தைத் திறந்தான். அதற்கு அடையாள எண் வேண்டாம், உத்தியோகம் வேண்டாம். பொதுமக்களுக்கு அந்த வாசலை வைக்கக் கூடாது என்று மேலதிகாரிகள் ஏழு கூட்டங்களில் பேசினார்களாம். எட்டாவதில் வைத்துவிட்டு வந்தாள்.

*புகார் தருபவர்:* தன் பெயரை அடித்தான். *தொழில்:* மருந்துக் கடை.

அடுத்தது ஒரு கேள்வி. *இதனால் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ நேரடிப் பாதிப்பு உண்டா?*

‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டு சின்னக் கட்டங்கள். அந்தக் கேள்வியும் அவள் எழுதியதுதான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மதியத்தில் எழுதினாளோ. அவன் ‘உண்டு’ என்பதைத் தொட்டான். அதன்பின் திரை கலங்கித் தெரிந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல அடித்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் எடுத்து ஒட்டினான். பதினோரு அடி உட்பட. இறந்த ஏழு பேரின் வீட்டாரிடம் அவள் வாங்கியிருந்த, கைரேகை வைத்த வாக்குமூலங்களையும் சேர்த்தான்.

நடைபாதைக் கோடியில் இரண்டு பேர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தம்பி பொத்தானை அழுத்தினான். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர்கள் பக்கத்தில் வந்து நின்றபோது திரையில் ஒரு புகார் எண் வந்தது. எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, மடிக்கணினியை மூடி, சார்ஜர் ஒயரைச் சுற்றி அதன்மேல் வைத்துக் கொடுத்தான்.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தான்.

மறுநாள் காலை தெரு முழுக்க நாற்காலி. சவ வண்டி வாசலில் முதுகைக் காட்டி நின்றது. அம்மா அழுது ஓய்ந்து, யார் வந்தாலும் “காபி குடிச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முந்தானை அலுங்காமல் சேலை கட்டத் தெரியும், இவர்கள் கட்டியது சரியில்லை என்று சித்தி முணுமுணுத்தாள்.

இயக்குநர் மலர் வளையம் வைத்துவிட்டு, தம்பியின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“நேத்து ஒரு புகார் வந்திருக்கு. உங்க பேர்ல.”

“ஆமா சார்.”

“வேற யாராவது செஞ்சிருந்தா நான் கோபப்பட்டிருப்பேன். துக்கத்துல இருக்கீங்க.” அவர் கை தோளிலேயே இருந்தது. கனமான கை. “தப்பா ஒரு கட்டத்தைத் தொட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும். ஆமா, மருந்துக் கடை உரிமமெல்லாம் எப்ப புதுப்பிக்கணும்?”

பக்கத்து வீட்டு வானொலியை யாரோ அப்போதுதான் நினைவு வந்து நிறுத்தினார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு பெண் வருவது தெரிந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து விடிகாலைப் பேருந்தில் வந்தவள். அக்கா காட்டிய படங்களில் கூட்டத்தின் நடுவே நின்று பேசுகிறவள் என்று அடையாளம் கண்டுகொண்டான்.

“பதிவக்கா வீடு இதுதானுங்களா?”

“வாங்க. நான் அவங்க தம்பி.”

அவள் உள்ளே போய் அக்காவின் காலருகே நின்றாள். அழவில்லை. வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். டம்ளரைக் கொடுக்கும்போது அவள் விரல்கள் அவன் கையில் பட்டன. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலக் கொதித்தன. கண்களைச் சுருக்கியபடி வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எத்தனை நாளா?”

“நேத்துலேருந்துதான். கால்தான் ரொம்பக் கடுக்குது.”

தம்பி சுற்றிலும் பார்த்தான். சவ வண்டிக்குப் பின்னால் இயக்குநரின் கார் நின்றிருந்தது. அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் பின்கதவைத் திறந்து உட்காரவைத்தான்.

“பெரிய ஆஸ்பத்திரி,” என்றான் ஓட்டுநரிடம். “நானும் வரேன்.”

“இப்பவா? எடுக்கப் போற நேரம்ப்பா,” என்றார் பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியப்பா.

“இந்தக் காய்ச்சலுக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள மருந்து போயிட்டா பொழைச்சுக்குவாங்க, பெரியப்பா. அக்கா இருக்கட்டும். வந்துடறேன்.”

ஓட்டுநர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் காருக்குள் பார்த்தார். அந்தப் பெண்ணும் அவரைப் பார்த்தாள். யாரென்று தெரியாமல், மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள். தெருவே அவர் வாயைப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

காருக்கு வெளியேற வழியில்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கினார்கள். அப்படியும் போதவில்லை. சவ வண்டிக்காரர் பீடியை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, வண்டியைத் தெருவோரம் ஒதுக்கி வழிவிட்டார்.