முதலிடம் காலி

அப்பாவின் சட்டைப் பையில் சித்தப்பா மடித்துச் செருகிய தாளை அவள் உருவி எடுத்தாள். சித்தப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வை. அது அண்ணனோட போகட்டும்."

"என்னன்னு பாத்துட்டு வைக்கிறேன்."

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அப்பா அதற்குள் துவைத்த சட்டையும் வாராத தலையுமாகப் படுத்திருந்தார். லிஃப்ட் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த ஆறு மெக்கானிக்குகள் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்கள்.

தாளைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. மடிப்பைத் தொட்டதுமே தெரிந்தது, பட்டியல்.

பதினோரு வருடம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் அது. எல்லாக் காலத்துக்குமான ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் பத்துப் பேர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கையெழுத்து, அப்பாவுடையதும் அவளுடையதும். ஒருவனை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேச வேண்டும். யாரும் குறுக்கே பேசக்கூடாது. பிறகு எதிராளிக்கு மூன்று நிமிடம். தோற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். ஃபோர்மன் மூன்றாம் இடத்துக்கு வர ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. "செத்தவனையும் கிழவனானவனையும் சண்டைக்கு இழுக்கிற வீடு இது ஒண்ணுதான்" என்பாள் அம்மா.

இரண்டு முதல் பத்து வரை எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாம் இடம் கூட ஒரு வினோதமான ஒப்பந்தம்: 'மற்றவன்', அதாவது முதலிடத்தை இழக்கப்போகிறவன். முதலிடம்தான் காலி. அப்பாவுக்கு ஜோ லூயிஸ், அவளுக்கு முகமது அலி. சித்தப்பாவைக் கேட்டால், "ரெண்டு பேருமே நல்லவங்கதானே" என்பார். அதனாலேயே அப்பா அவருக்கு 'டிரா' என்று பெயர் வைத்திருந்தார்.

கையை விடுவித்துக்கொண்டு தாளைப் பிரித்தாள். இப்போது முதலிடத்தில் லூயிஸ் இருந்தான். பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது.

"இதை நான் போடல."

சித்தப்பா தரையைப் பார்த்தார். "நேத்து காலையில நீ வேலைக்குப் போனப்புறம் ரொம்ப மூச்சு வாங்குச்சு அவருக்கு. ஒரு சந்தோஷத்தைக் கண்ணால பாத்துட்டுப் போகட்டுமேன்னு..."

"நான் ஒத்துக்கிட்டேன்னா சொன்னீங்க?"

"ஆமா. சொன்னேன். நீயே சொல்லியிருக்கணும். போற மனுஷன் கிட்ட ஒரு 'ஆமா' சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"



அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து நான்கு மாதமாக எல்லோரும் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஊசி போட வந்தவர், "லூயிஸ்தான் சார், அதுல என்ன சந்தேகம்" என்றார். லூயிஸ் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் போனதும் அப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "எல்லாரும் ஒத்துக்கிறாங்கடி. நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"நான் ஒத்துக்கல."

"அதான் எனக்கு இன்னும் சாப்பாடு இறங்குது."

அவர் கண் மூடியது நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு. அவள் வந்து சேர்ந்தபோது நாலு. காலையிலிருந்து அந்த மூன்று மணி வரை, மகளும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாரா?

"உயிரோட இருக்கும்போதே அவரைப் பெட்டியில வெச்சுட்டீங்க சித்தப்பா."

"ஏய், வாயை அடக்கு!" என்றாள் அத்தை மூலையிலிருந்து. "சாவு வீட்டுல குத்துச்சண்டைப் பேச்சு. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அம்மா, அப்பா என்ன சொன்னாரு? இதைக் காட்டினப்போ?"

அம்மா பெட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தூசி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே துடைத்தாள்.

"கண்ணாடி கேட்டாரு. மாட்டி விட்டேன். உங்க சித்தப்பா மருந்துக்குப் போற வரைக்கும் பேசாம இருந்தாரு. அப்புறம், 'இந்த டிராவுக்கு ஒரு கையெழுத்தைக்கூட ஒழுங்கா திருடத் தெரியல'ன்னாரு." துணியை மடித்தாள். "அவ்வளவு நேரம் வராத சிரிப்பு வந்துச்சு. பேனா கேட்டாரு. திருப்பிப் பாரு."

சித்தப்பா நிமிர்ந்தார். தலையணைக்கு அடியிலிருந்து இன்று காலை தாளை எடுத்தபோது அவர் பின்பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை.

எழுத்துக்கள் தாளின் சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கியிருந்தன.

'கான் ஏன் தோத்தான்? ஜெயிச்சுக்கிட்டு இருந்தவனுக்கு நின்னு அடிக்க ஆசை வந்துச்சு. அலிக்கும் வரும். பதில் சொல்லு.'

ஞாயிற்றுக்கிழமை அவள் வீசிய கேள்விக்கான பதில் அது. பில்லி கான், லூயிஸைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் இலேசானவன். பன்னிரண்டு சுற்று அந்தப் பெரிய மனிதனை அலையவிட்டான், பதின்மூன்றாவதில்தான் விழுந்தான். "கானையே பிடிக்க முடியாதவர் அலியை எப்படிப் பிடிப்பாரு?" என்று கேட்டிருந்தாள். அப்பா இருமினார், பதில் சொல்லவில்லை. தோற்றுவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

மேசையில் யாரோ விட்டுப் போன பேனாவை எடுத்தாள். முன்பக்கத்தைத் திருப்பி, பொய்க் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். லூயிஸின் மேல் இன்னொரு கோடு. தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். இம்முறை சித்தப்பா கையைப் பிடிக்கவில்லை.

மூடியை வைத்துத் தூக்கினார்கள். நாலாவது மாடி. லிஃப்டுக்குள் பெட்டி நுழையாது. நின்றபடி நாலு பேர் போகிற அளவுதான்.

"ஊரையே ஏத்தி இறக்கின மனுஷன்," என்றார் தலைமாட்டைப் பிடித்திருந்த மூத்த மெக்கானிக், "அவரை நாம படியில கொண்டு போறோம். எந்திரிச்சுத் திட்டப் போறாரு பாரு."

படிக்கட்டின் திருப்பத்தில் பெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாடித் தளத்தில் கை மாற்ற இறக்கி வைத்தார்கள். மறுபடி குனிந்தபோது அவள் சொன்னாள்:

"இருங்க. மூணு நிமிஷம்."

"பைத்தியமா உனக்கு? கீழ வண்டி நிக்குது," என்றாள் பின்னால் வந்த அத்தை.

"கேள்வி கேட்டுட்டுப் போறாரு அத்தை. பதில் சொல்லாம அனுப்ப மாட்டேன்."

மூத்த மெக்கானிக் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அப்பா வேலையிடத்தில் சொல்லிச் சொல்லி அவருக்கும் அந்த விதி தெரியும். சட்டைக் கையை மேலே ஏற்றிக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ம். ஆரம்பி."

அவள் எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்து கொண்டாள். "கானுக்கு ஆசை வந்துச்சு. சரி. அலிக்கு ஆசை இல்லையா? இருந்துச்சு. ஆனா ஃபோர்மன் முன்னாடி அவன் என்ன பண்ணினான்? கயித்துல சாஞ்சுக்கிட்டு அடி வாங்கினான். ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு ரவுண்டு. ஊரே கத்துது, அவன் மூலையில நிக்கிற பயிற்சியாளருங்க கத்துறாங்க, யார் சொன்னதையும் கேக்கல. எட்டாவதுல முடிச்சான். நின்னு அடிக்க ஆசைப்படுறவனா அவன்? எப்ப அடிக்கணும்னு காத்திருக்கத் தெரிஞ்சவன்ப்பா..."

குரல் படிக்கட்டில் மேலும் கீழும் போய்த் திரும்பியது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் கையில் கரண்டியோடு நின்றாள்.

"அலி கையைத் தாழ்த்திப் பிடிப்பான்," என்றது ஒரு குரல். சித்தப்பா. "ஒரு தடவை ஃபிரேசியர் அவனை அடிச்சு விழ வெச்ச மாதிரி லூயிஸும்..."

"குறுக்க பேசக்கூடாது," என்றார் மெக்கானிக், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு அப்புறம் மூணு நிமிஷம் இருக்கு."

அவள் முடித்தாள். மூச்சு வாங்கியது. மெக்கானிக் சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

சித்தப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெட்டியின் மூடிமேல் ஒரு கையை வைத்தார், எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டார்.

"லூயிஸோட இடது கை இருக்கே," என்று ஆரம்பித்தார், "அது ரொம்ப தூரம் போக வேண்டாம்..."

படிக்கட்டு விளக்கு, அதற்கு வைத்த நேரம் முடிந்து, தானாக அணைந்தது. இருட்டில் சித்தப்பா பேசிக்கொண்டே இருந்தார். யாரோ சுவரைத் தடவிப் பொத்தானை அழுத்தினார்கள்.