பட்டப்பெயர் இல்லாமல் வந்த சாவு

போர்ட்னோரியில் ஒருவனை ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். மொத்த ஊருக்கும் ஃப்ளெட், மேர், லெக் என்று மூன்றே குடும்பப் பெயர்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கிழவர் குழிக்குள் போன பிறகும் சண்டைக்கு வருவார். இந்த லட்சணத்தில் ஒருவனிடமிருந்து இன்னொருவனை எப்படிப் பிரித்துச் சொல்வது? அதற்குத்தான் பட்டப்பெயர். ஸ்காட்லாந்தின் இந்தக் கரையில் அது கேலிக்காக வைத்தது அல்ல. மீன் ஏலச் சீட்டில் அச்சாகும், வாக்காளர் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் வரும். ஞானஸ்நானப் பெயரோ பெட்டியில் மடித்து வைத்த நல்ல கோட்டு மாதிரி. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் மட்டும்தான் வெளியே எடுப்பார்கள்.

எல்ஸ்பெத்தின் கணவன் அலெக்சாண்டர் ஃப்ளெட். அவன் பட்டப்பெயர் ஷேவி. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது, அப்பனுக்கும் அதே பட்டப்பெயர்தான். அடுத்த வீட்டு பெல்டியின் கணவனும் அலெக்சாண்டர் ஃப்ளெட். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒரே தாத்தாவின் பெயரைச் சுமந்தவர்கள். பெல்டியின் கணவன் சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் நூல் சுற்றும் உருளை மாதிரிச் சுற்றிக்கொண்டே இருந்ததால் அவன் பட்டப்பெயர் பாபின். இருவரும் 'விடிவெள்ளி' என்ற நீராவிப் படகில் வேலை பார்த்தார்கள். இலையுதிர் காலம் வந்தால் ஹெர்ரிங் மீனின் பின்னால் ஊரின் எல்லாப் படகுகளும் தெற்கே யார்மத் துறைமுகத்துக்குப் போய்விடும். பெண்களும் கிழவர்களும் பூனைகளும்தான் ஊரில் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பாதிரியார் தெருவில் இறங்கி நடந்து வந்தார். 'பாதிரியார்' என்ற சொல்லை மீன்பிடிக் குடும்பங்களில் வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வலையில் மீன் விழாது. கறுப்புக் கோட்டு என்பார்கள். ஞாயிறு அல்லாத நாளில் கறுப்புக் கோட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே நிறுத்தினார்கள்.

அவர் அந்தக் கோடையில்தான் எடின்பரோவிலிருந்து வந்தவர். தெரு முனையில் நின்ற கிர்ஸ்டியிடம், "அலெக்சாண்டர் ஃப்ளெட்டின் மனைவி வீடு எது அம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எந்த அலெக்சாண்டரு?" என்றாள் கிர்ஸ்டி.

"விடிவெள்ளிப் படகில் இருப்பவர்."

"அதுல ரெண்டு பேரு இருக்காங்களே! பட்டப்பேரு என்ன?"

அவர் கையிலிருந்த தந்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அலெக்சாண்டர் ஃப்ளெட் கடலில் விழுந்து மரணம், உடல் கிடைத்தது, மற்றவர் நலம் என்று இருந்தது. அனுப்பியவர் விடிவெள்ளியின் தலைவர். வேறு ஒன்றும் இல்லை.

மற்றவர் நலம் என்ற இரண்டு சொல்லில் அந்தப் படகுக்காரர்களின் மனைவிகள் எல்லோருக்கும் மூச்சு திரும்பியது. அதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து நின்றவர்கள் எல்ஸ்பெத்தும் பெல்டியும் மட்டும்தான்.

"அந்த மடப்பய பிஷப்பு!" என்று கிர்ஸ்டி வெடித்தாள். பிஷப் என்பது படகுத் தலைவனின் பட்டப்பெயர். "செத்தவனுக்குப் பட்டப்பேரு போட்டா மரியாதை இல்லைன்னு நெனச்சிருக்கான். நல்ல பேரை எடுத்துப் போட்டுட்டான். உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பானா?"

"இப்பவே திருப்பிக் கேளுங்க சாமி. தந்தி அடிங்க" என்றாள் எல்ஸ்பெத்.

"தபால் ஆபீசை மூடிவிட்டார்கள் அம்மா."

"தொறக்கச் சொல்லுங்க!"

"இங்கே திறந்தாலும் அங்கே மூடியிருப்பார்கள். நாளை ஓய்வுநாள். திங்கட்கிழமை காலையில்தான்…" படித்த மனிதர், பேச்சுக்குப் பெயர் வாங்கியவர். தெரு நடுவில் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் போயிற்று. யார்மத் ஒரு நாட்டின் நீளத்துக்கு அப்பால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாவு வீட்டில் சன்னல் திரையை இறக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் பாதி இறக்கியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் இரண்டு கதவுக்கும் நடுவே நின்று காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டுக்காரனைக் கொன்றதாக ஆகிவிடாதா? கிர்ஸ்டி பார்லி சூப்புப் பானையோடு வந்து, யோசித்து, இரண்டு வாசலுக்கும் சரிநடுவில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறும் வரை அதை யாரும் எடுக்கவில்லை.

கோயிலில் பாதிரியார், "அலெக்சாண்டர் ஃப்ளெட்டின் விதவைக்கு ஆறுதல் தாரும்" என்று ஜெபித்தார். சபை முழுதும் தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் திருப்பி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தது. எல்ஸ்பெத்துக்கு விதவை என்ற அந்தச் சொல் முதுகில் வந்து விழுந்தது போலிருந்தது. அதைத் தள்ளி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெல்டியின் மேல் போட்டுவிட வேண்டும் என்று துடித்தாள். அவள் செய்த ஜெபம் அது ஒன்றுதான்: ஆண்டவரே, பாபினாக இருக்கட்டும்.

பாபின் அவளுக்கு என்ன கெடுதல் செய்தான்? ஒன்றுமில்லை. அவள் கல்யாணத்தில் விடிய விடிய ஆடியவன் அவன். நாலு பிள்ளைக்காரன். கடைசி இன்னும் நடக்கவில்லை. எல்ஸ்பெத்துக்குப் பிள்ளை இல்லை. நியாயத் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. தன்னைப் பார்த்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் ஜெபத்தை மாற்றவில்லை.

பிற்பகல் தனியே இருக்க முடியாமல் பெல்டியின் வீட்டுக்குப் போனாள். அடுப்பில் கரி பெயருக்குக் கனன்றது. ஓய்வுநாளில் விளையாடக் கூடாதென்று பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கைக்குழந்தை பெல்டியின் மடியில் தூங்கியது.

"ஓட்ஸ் ரொட்டி இருக்கு. தின்னுறியா?"

"வேணாங்கா."

"நேத்தும் நீ ஒண்ணும் திங்கல."

"நீ மட்டும் தின்னியா?"

அதற்கு மேல் எல்ஸ்பெத்தால் அடக்க முடியவில்லை.

"அக்கா, நான் என்ன வேண்டிக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டீ" என்றாள் பெல்டி, குழந்தையின் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் அதையேதான் வேண்டிக்கிறேன். உன் ஆளு போகட்டும்னு."

எல்ஸ்பெத் அழ ஆரம்பித்தாள். பெல்டி கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாத. ரெண்டு பேரும் கேட்டா ஆண்டவருதான் பாவம் என்ன பண்ணுவாரு? அது நடந்து முடிஞ்சு போன விஷயம். இங்க நம்ம குடுமிபிடிச் சண்டை போட்டு அங்க எதுவும் மாறப் போறதில்ல."

பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரம் வரை அந்தக் கையை இருவரும் விடவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டே இருவரும் ஒருவருக்கொருவர் சாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பெல்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "என் காலு வரல. நீ போய் கேட்டுட்டு வா" என்றாள்.

தபால் ஆபீஸ் மிஸ் கெடஸ் வழக்கத்துக்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருந்தாள். இறந்தது எந்த அலெக்சாண்டர், பட்டப்பெயர் சொல்லவும் என்று யார்மத்துக்குத் தந்தி அடித்தாள். காசு கேட்கவில்லை. எல்ஸ்பெத் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள், யாரும் உள்ளே வரவில்லை. யார்மத்தில் யாரோ ஓடிப்போய் பிஷப்பைத் தேடிக் கூட்டிவர வேண்டும். அவன் படகில் இருப்பானோ, துறைமுகத்தில் இருப்பானோ. ரொம்ப நேரம் ஆனது.

கருவி தட்டத் தொடங்கியது. மிஸ் கெடஸின் பென்சில் நகர்ந்தது. முதல் சொல் எழுதி முடிந்ததும் எல்ஸ்பெத் எட்டிப் பார்த்துவிட்டாள்.

பாபின்.

அதற்குப் பிறகு வந்ததை அவள் படிக்கவில்லை. காலில் யாரோ கட்டியிருந்த கல்லை அவிழ்த்துவிட்டது போல் ஆகிவிட்டது. ஷேவி உயிரோடு இருக்கிறான்! இந்நேரம் வலையை உதறிக்கொண்டிருப்பான், காலை ரொட்டி சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பான். மிஸ் கெடஸ் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மெதுவாக நடக்க வேண்டும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும், பெல்டியின் பிள்ளைகளை நினைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நினைக்கவும் செய்தாள். கால்கள் கேட்கவில்லை, முகமும் கேட்கவில்லை. வாசலில் நின்றவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், சட்டென்று விலகி, அவளுக்கு முன்னால் பெல்டியின் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். கிர்ஸ்டி நடந்துகொண்டே சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடினாள்.

பெல்டி படியிலிருந்து எழுந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வந்த எல்ஸ்பெத்தைத்தான் பார்த்தாள்.

"அக்கா…"

"சொல்லாத. உன் மூஞ்சி சொல்லிடுச்சு."

எல்ஸ்பெத் அவளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். பெல்டி பின்வாங்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எல்ஸ்பெத் தாங்கியிருப்பாள்.

"இப்ப வராதடீ. உன் வீட்டுக்குப் போ. சிரிக்க வேண்டியதைச் சிரிச்சு முடிச்சுட்டு வா. அப்புறம் என்கூட உக்காந்து அழு."

எல்ஸ்பெத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெண்கள் பெல்டியின் சன்னல் திரையை முழுதாக இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூத்த பிள்ளை அழுதது, அதைப் பார்த்து மற்றவையும் அழுதன. எல்ஸ்பெத் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கொட்டியது, தோள்கள் குலுங்கின, சீக்கிரம் முடியட்டும் முடியட்டும் என்று கெஞ்சினாள். சிரிப்பு நிற்கவில்லை.