விலாவில் ஒரு மூக்கு

வத்ஹாவுக்குத் தலைக்கனம் உண்டு. அதை அவள் மறைத்ததில்லை. மறைப்பானேன்? அல் தஃப்ரா பாலைவனத்தின் மணல்மேடுகளுக்கு நடுவே, ராஜாளிகளுக்கென்றே நடக்கும் அந்தச் சின்ன மருத்துவமனையில் அவள்தான் மருத்துவர். ராஜாளி விட்டு வேட்டையாடும் காலம் வந்துவிட்டால் வாசலில் வண்டி நிறுத்த இடமிருக்காது.

அவள் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. ஹமூர் மீனின் செவுள், தவளையின் நுரையீரல், பாலைவனப் பல்லியின் நுரையீரல், ஒட்டகக் குட்டியின் நுரையீரலோடு அதன் அடியில் விரிந்திருக்கும் தசைத் திரை, கடைசியாக ஒரு புறாவின் நுரையீரல். எல்லாம் அவளே அறுத்துப் பதப்படுத்தி வரிசையாக வைத்தவை. மூச்சு விடுவது என்கிற ஒரே வேலையை ஒவ்வொன்றும் எப்படி வேறு வேறு விதமாகச் செய்கிறது பாருங்கள் என்று வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திக் காட்டுவாள். கொட்டாவி விடுகிறவர்களையும் விடமாட்டாள்.

அவளுடைய அண்ணன் கத்ஃபானுக்கு அந்த அலமாரியைக் கண்டாலே ஆகாது. "நம்ம பொம்பளைங்க கூடாரம் நெய்வாங்க, நம்ம வீட்டுப் பொண்ணு பொணம் அறுக்குது" என்று ஆண்கள் கூடிப் பேசும் மஜ்லிஸில் கஹ்வாக் காப்பி குடித்துக்கொண்டே சொல்வான். கூட்டம் சிரிக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் அவளிடம் பறவையைக் கொண்டுவரும்போது, அவன் மட்டும் தன் ராஜாளிகளைத் தூரத்து நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போவான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் அன்று காலை கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். நெஞ்சோடு சேர்த்து, தலைத்துணியில் சுற்றி, ஷல்வாவை இறுக்கிப் பிடித்திருந்தான். ஷல்வா அவனுடைய பெண் ராஜாளி. பெற்ற பிள்ளைகளைக்கூட அவன் அப்படித் தூக்கி யாரும் பார்த்ததில்லை. அதன் அலகு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அடித்துக்கொண்டது.

"கீழ வை அண்ணே."

"குளிருது அதுக்கு. நடுங்குது பாரு."

"நடுக்கம் இல்ல, மூச்சு முட்டுது. நீ பிடிச்சிருக்கிற பிடியிலயே பாதி உசுரு போயிடும். ஒட்டகக் குட்டின்னு நினைச்சியா? குட்டிக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல திரை இருக்கு. நீ கட்டிப் பிடிச்சாலும் அது மூச்சை இழுத்துக்கும். பறவைக்கு அந்தத் திரையே கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினாத்தான் மூச்சு."

கத்ஃபான் பறவையை மேசையில் விட்டுச் சூடு பட்டவன்போல் கையை எடுத்தான். வழி நெடுக ஆசையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும். இடுக்கி போட்டு எடு, சீக்கிரம்."

வத்ஹா விளக்கடித்துப் பார்த்தாள். தொண்டை சுத்தமாக இருந்தது. "இப்பக் கொஞ்ச நாளா இதோட குரல் எப்படி இருந்துச்சு?"

"கரகரன்னு இருந்துச்சு. பனிக்கு அப்படித்தான்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அது போதும். நமக்கும் ஒட்டகத்துக்கும் குரல் பிறக்கும் இடம் மூச்சுக்குழலின் உச்சி. பறவைக்கு அது அடியில், குழல் இரண்டாகப் பிரியும் கவையில். அங்கேதான் பூஞ்சை கட்டியாக அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே ஊசிபோல் மெல்லிய கருவியை விட்டு எடுக்கலாம். அதற்கு நேரம் வேண்டும். ஷல்வாவிடம் நேரம் இல்லை.

"விலாவுல ஓட்டை போடப் போறேன்" என்றாள்.

"என்னது?"

"பறவைக்கு மூச்சு நுரையீரலோட நிக்காது. வயிறு வரைக்கும் காத்துப் பை இருக்கு. அதுல குழாய் வச்சா அது வழியாவே மூச்சு விடும். அப்புறம் மேல நிதானமா அடைப்பை எடுக்கலாம்."

"மூக்கை விலாவுல வைக்கிறேங்குறியா? புத்தி பிசகிடுச்சா உனக்கு? விலாவுல ஓட்டை விழுந்த ஒட்டகம் பொழைச்சு நான் பார்த்ததில்ல!"

"ஒட்டகம் சாகும். நீ சாவே, நானும் சாவேன். இது சாகாது."

சொல்லிவிட்டாளே தவிர, படிக்கும் காலத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்ததுதான், தனியாகச் செய்ததில்லை. கத்தி பட்டபின் ஷல்வா செத்தால், பொணம் அறுக்கிறவள் உயிரோடு இருந்ததையும் அறுத்துவிட்டாள் என்றுதான் பேச்சு வரும்.

"செத்துச்சுன்னா?" என்றான் கத்ஃபான்.

"மஜ்லிஸ்ல சொல்லிச் சிரி. இப்ப நகரு."

ராஜாளியின் தலை சாய்ந்தது. கத்ஃபான் நகர்ந்தான்.

உதவியாளர் பாபிகிர் பறவையை வலப்பக்கமாகக் கிடத்தி இடது காலை இழுத்துப் பிடித்தார். வத்ஹா மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் இறகு பிடுங்கி, கடைசி விலாவுக்குப் பின்னால் சின்னதாகக் கீறினாள். இடுக்கியின் நுனியை உள்ளே அழுத்தினாள். மெல்லிய சவ்வு கிழிந்தது கைக்குத் தெரிந்தது. குழாயைச் செருகினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பாபிகிர் அல்லாஹ்வை அழைத்தார்.

பிறகு ஷல்வாவின் நெஞ்சு ஒருமுறை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அடித்துக்கொண்டிருந்த வால் அடங்கியது. திறந்தே கிடந்த அலகை ஷல்வா சாவகாசமாக மூடிக்கொண்டது.

"இங்க வா அண்ணே. விரலை நனைச்சுக் குழாய்கிட்ட வை."

கத்ஃபான் வைத்தான். ராஜாளியின் விலாவிலிருந்து வெதுவெதுப்பான காற்று அவன் விரலில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது. அவன் அப்படியே குனிந்து நின்றான்.

"இப்ப வாயைக் கட்டினாலும் ஒண்ணும் ஆகாது. கட்டிக் காட்டவா?"

"வேண்டாம் தாயே, நம்புறேன்."

மயக்க வாயுவையும் அந்தக் குழாய் வழியாகவே கொடுத்து, அலகு வழியே கருவியை இறக்கி, கவையில் அடைத்திருந்த மஞ்சள் கட்டியைத் துணுக்குத் துணுக்காக எடுத்தாள். அவள் கணித்த அதே இடத்தில்தான் இருந்தது. இன்னும் பல வாரம் மருந்து கொடுக்க வேண்டும், இந்த வேட்டைக் காலம் போச்சு என்று அண்ணனிடம் கறாராகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தாங்க வேண்டியதும் இல்லை.

வெளியே, சேதி கேட்டு, கத்ஃபானின் வேட்டைக் கூடாரத்து ஆட்கள் வண்டி வண்டியாக வந்து நின்றிருந்தார்கள். கத்ஃபான் வெளியே வந்ததும் ஒருவன் கேட்டான்: "என்னாச்சு? பொணம் அறுக்குறவ அறுத்துட்டாளா?"

அந்தக் குலத்து ஆண்கள் நெஞ்சு நிமிரும்போது உடன்பிறந்தவள் பெயரைச் சொல்லித்தான் முழங்குவார்கள். போரிலும் அதுதான், பந்தயத்திலும் அதுதான். கத்ஃபான் இத்தனை காலமும் முழங்கியது மூத்தவள் ஹம்தாவின் பெயரை.

அவன் படியில் நின்று கைத்தடியை உயர்த்தினான்.

"அறுத்தா! அறுத்து உசுரு குடுத்தா! நான் வத்ஹாவோட அண்ணன்டா!"

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த வத்ஹா தண்ணீரை நிறுத்தினாள், இன்னொரு தடவை சொன்னால் நன்றாகக் கேட்கட்டும் என்று.

அவன் சொன்னான்.