கழுவிய கூரைகள்

ஒரு வாரமாக எல் தெபோசானில் யாரும் வாசல் கூட்டவில்லை. விடிந்ததும் தண்ணீர் தெளித்து, பாதித் தெருவரை கூட்டித் தள்ளிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிற பெண்கள் அந்த ஊர்ப் பெண்கள். இப்போது துடைப்பம் சுவரில் சாய்ந்து கிடக்க, கை பரபரக்க உட்கார்ந்திருந்தார்கள். கூட்டக் கூடாது, கூரையையும் தொடக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னவள் ஒத்திலியா.

அவள் தன் வீட்டு முற்றத்தில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மாவுப் பாத்திரத்தின் மேல் ஓர் ஈரத்துணி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஒவ்வோர் உருண்டைக்கும் இரண்டையும் விலக்கி, கைவிட்டு எடுத்து, உடனே மூட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் ரொட்டி பல்லில் நறநறக்கும், வாங்கிப்போனவர்கள் பாதித் தெருவிலிருந்தே திரும்பிவந்து சண்டை பிடிப்பார்கள். ஊருக்கு மேற்கே மலையை வெட்டிச் சுட்டு சிமெண்ட் ஆக்கிக்கொண்டிருந்தது தொழிற்சாலை. அதன் பழைய சூளை ஓடுகிற நாளெல்லாம் ஊரின் மேல் சாம்பல் நிறத்தில் தூசி இறங்கும். கள்ளிச் செடியும் கோழியும் கோயில் மணியும் ஒரே நிறமாகிவிடும்.

"உன் பேச்சைக் கேட்டு எங்க வீட்டுக் கோழி எது, எதிர் வீட்டுக் கோழி எதுன்னே தெரியல. முட்டைக்குத்தான் தினம் சண்டை," என்று ரொட்டி வாங்க வந்த ஒருத்தி சொன்னாள். ஒத்திலியா சிரித்தாள். இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவும் செய்தாள்.

அவள் கெஞ்சியதற்குக் காரணம் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் அவள் புருஷன் எர்மிலோ இரவிலும் நாற்காலியில்தான் தூங்கினான். மூட்டை நிரப்பும் கொட்டகையில் வாலிபம் முழுக்க வேலை பார்த்தவன். நெஞ்சு இறுகிப்போன பிறகு தொழிற்சாலை டாக்டர் அவனைப் பரிசோதித்துவிட்டு, இது சிமெண்டால் வந்ததல்ல, வீட்டு அடுப்புப் புகையால் வந்தது என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டி ரொட்டி சுட்டு விற்கிறவளாமே என்று கேட்டாராம். வேலையும் போயிற்று, தொழிலாளர் ஆஸ்பத்திரியில் வைத்தியமும் போயிற்று. ஒத்திலியா மறுநாளே விறகடுப்பை இடித்துப்போட்டு எரிவாயு அடுப்பு வாங்கினாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு ஆறவே இல்லை. புருஷன் இருமும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையையே பார்க்கத் தோன்றியது.

ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பி, அலைந்து, கடைசியில் தலைநகரிலிருந்து ஓர் இன்ஜினியர் வருவதாக ஆயிற்று. அவர் கூரைகளில் ஏறிப் பார்ப்பார். தொழிற்சாலைத் தூசி வீடுகளின் மேல் விழுகிறது என்று அவர் எழுதிவிட்டால், வடிகட்டி மாற்றும்வரை பழைய சூளையை நிறுத்த வேண்டும். எர்மிலோவின் நெஞ்சில் இருப்பது என்ன என்று வெளி டாக்டர் ஒருவர் மறுபடி பார்த்தாக வேண்டும். ஒத்திலியாவுக்கு அது போதும்.

இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் காலையில் எர்மிலோவுக்கு உதடு நீலம்பாரித்துவிட்டது. கசில்தாதான் ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தாள். ஒத்திலியாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டு, வாங்க போங்க என்று மரியாதையோடுதான் பேசிக்கொள்வார்கள். அடுத்தடுத்த வீடுதான், ஆனாலும் அந்த மரியாதை குறைந்ததே இல்லை.

"நீங்க போங்க கொமாத்ரே. இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்," என்றாள் கசில்தா. ஒத்திலியா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வண்டியில் ஏறினாள்.

டவுன் தர்ம ஆஸ்பத்திரியில் எர்மிலோவுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். கட்டில் இல்லை, வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடைத்தது. மறுநாள் காலையில் அவனே அவளை விரட்டினான்.

"நீ போ. நீ இல்லேன்னா அந்த ஆளுக்கு யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. வெக்கப்பட்டுட்டு நிப்பாங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒத்திலியாவுக்கு ஊர் தப்பி இறங்கிவிட்டோமோ என்றிருந்தது. தெரு ஈரமாக இருந்தது. வேலியோரக் கற்றாழை மடல்களெல்லாம் பச்சையாக நின்றன. அவற்றின் நிறம் பச்சை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காற்றில் புளித்த காடி வாடை குப்பென்று அடித்தது. கூரையில் ஒட்டி இறுகிப்போன சிமெண்டைக் கரைக்க காடியை விட்டால் வேறு வழி கிடையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். கசில்தா முற்றத்தில் நின்று நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தன.

"அவர் எப்படி இருக்கார், கொமாத்ரே?"

ஒத்திலியா நேராக ஏணியில் ஏறினாள். தகரக் கூரை புதிதாக வாங்கிப் போட்டதுபோல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. தகடு தகடுக்கு நடுவில் கத்தி விட்டுச் சுரண்டியிருந்தது. ஆணித் தலைகள்கூட மினுமினுத்தன. ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை எங்காவது விட்டுவைத்திருக்க மாட்டாளா என்று ஒத்திலியா மண்டியிட்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கசில்தா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

ஒத்திலியா கீழே இறங்கி வந்தாள். நடந்ததைக் கசில்தாவே சொன்னாள். நேற்று மத்தியானம் ஊர்த் தலைவர் தோன் மாக்ளோவியோ வந்து, இன்ஜினியர் ஊரில்தான் சாப்பிடுகிறார் என்று அறிவித்தாராம். ஆடு வெட்டிக் குழியில் வேகவைக்க ஏற்பாடாயிற்றாம். கொஞ்ச நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றதாம். விருந்தாளி வருகிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் இருக்கக் கூடாதென்று மேனேஜரே அனுப்பினாராம். அவ்வளவு தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை.

"இத்தனை வருசத்துல அவனுங்க ஒரு வாளித் தண்ணி அனுப்பியிருக்கானுங்களா? ஏன் இப்ப அனுப்புறான்னு ஒருத்தருக்குமா தோணல?" என்றாள் ஒத்திலியா.

கசில்தா சிவந்த கையைத் தோளில் போட்டிருந்த துணியில் மறைத்துக்கொண்டாள். "சாப்பிட வர்றார்னு சொல்லிட்டாங்களே. சாப்பிட வர்றவரைக் குப்பையிலயா உக்கார வைக்கிறது? உங்க கூரைலதான் முதல்ல ஏறினேன் கொமாத்ரே. சீக்காளி வீடு, அதான் இப்படிப் போட்டு வச்சிருக்கான்னு உங்கள யாரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாதில்ல."

ஒத்திலியாவுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்தக் கையைப் பார்க்க வயிறு எரிந்தது, புருஷனை நினைக்க அதைவிட எரிந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஜினியர் ஒல்வேரா வெள்ளைக் காரில் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்டு ஏறினார், சின்னக் கரண்டியால் கூரையைச் சுரண்டிக் கண்ணாடிக் குப்பியில் தட்டிப் பார்த்தார். குப்பி காலியாகவே இருந்தது. கோயில் கூரைக்கும் ஏறினார். மேற்கே சூளைப் புகைபோக்கி அன்று காலையிலிருந்து சும்மா நின்றது. பழுது பார்க்கிறார்கள் என்று கூட வந்த தொழிற்சாலை ஆள் சொன்னான். என்ன இது காடி வாடை என்று இன்ஜினியர் கேட்டதற்கு, விருந்துக்கு மிளகாய் ஊறப் போட்டிருக்கிறோம் என்று தோன் மாக்ளோவியோ வாய் கூசாமல் சொன்னார்.

ஒத்திலியா முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நேத்துவரைக்கும் எல்லாக் கூரைலயும் ஓடு மாதிரி தூசி இருந்தது. நீங்க வர்றீங்கன்னு எல்லாரும் கழுவிட்டாங்க. இவங்களையே கேளுங்க."

இன்ஜினியர் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்திகூட நிமிரவில்லை. எங்கள் வீடுகள் அப்படி அழுக்காய்க் கிடந்தன என்று வெளியூர் ஆண்பிள்ளையிடம் எந்தப் பெண்தான் சொல்வாள். கசில்தா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தோன் மாக்ளோவியோ, பாவம் இவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், மனசு சரியில்லை என்று இன்ஜினியரின் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டார்.

"கண்ணால பாத்ததைத்தானம்மா நான் எழுத முடியும்," என்றார் இன்ஜினியர். சொல்லும்போது அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்து அறையில் பந்தி நடந்தது. கற்றாழை மடலில் பொதிந்து வெந்த ஆட்டுக்கறி, குழம்பு, சூடு ஆறாத சோள ரொட்டி. ஒத்திலியா சாப்பிடவில்லை, ஆனால் ரொட்டி சுட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டதும் போய் நின்று சுட்டாள். இன்ஜினியர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு சுத்தமான ஊரைத் தான் பார்த்ததில்லை என்று எழுந்து நின்று பாராட்டினார். பெண்கள் முகமெல்லாம் மலர்ந்தது. சாப்பாடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மேற்கே பழைய சூளை உறுமத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஊருக்குப் பழகிப்போன சத்தம் அது.

வழியனுப்ப வெளியே வந்தபோது வெள்ளைக் கார் சாம்பல் நிறத்தில் நின்றது. கண்ணாடி, கூரை, கதவு எல்லாவற்றிலும் தூசி மாவாக அப்பியிருந்தது. டிரைவர் உள்ளே ஏறி வைப்பரைத் தட்டினார். அது தண்ணீரைப் பீய்ச்சிக் கண்ணாடியில் சிமெண்ட் குழம்பைத்தான் பூசியது.

ஒத்திலியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து காரின் முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"ஐயா, இதப் பாருங்க. சாப்பிட்டு வர்றதுக்குள்ள விழுந்தது. இத எழுதுங்க. அந்தக் குப்பியில எடுத்துக்குங்க."

இன்ஜினியர் காரைப் பார்த்தார், மேற்கே திரும்பிப் புகையைப் பார்த்தார், தோன் மாக்ளோவியோவையும் தொழிற்சாலை ஆளையும் பார்த்தார். அவர் கை, குப்பி இருந்த சட்டைப் பையருகே போய் நின்றது.

"கூரையைப் பாக்கத்தான் என்னை அனுப்பினாங்கம்மா," என்றார் மெதுவாக. "அது முடிஞ்சு எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு. கார் அதுல வராது."

அவர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஆனால் டிரைவருக்கு அந்தக் கண்ணாடி வழியே எதிரே எதுவும் தெரியவில்லை. விருந்தாளி இந்தக் கோலத்திலா ஊரைவிட்டுப் போவது என்று யாரோ கேட்டார்கள். லாரித் தண்ணீர் இன்னும் தொட்டியில் மிச்சம் இருந்தது. பெண்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். கசில்தா மட்டும் வராமல் பள்ளிக்கூடச் சுவரோடு ஒட்டி நின்றாள். மற்றவர்கள் கண்ணாடியைத் தேய்த்தார்கள், விளக்கைத் தேய்த்தார்கள். ஒருத்தி ஒத்திலியாவின் கைகளைப் பக்குவமாக எடுத்து ஓரமாக விட்டுவிட்டு, அவள் கை பதிந்திருந்த இடத்தையும் துடைத்தாள்.

சாம்பல் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடியது. தெறித்துவிடும் என்று உள்ளே இன்ஜினியர் கார்க் கண்ணாடியை ஏற்றினார். கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, மறு கையால் எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கையசைத்தார்.